கதை முடிந்தது, கத்தரிக்காய் காய்த்தது, அப்புறம்?

பாட்டி கதை சொல்லி முடித்து, "கதையும் முடிந்தது, கத்தரிக்காயும் காய்த்தது, போய்ப் படுத்துக்கோ" என்று விளக்கை அணைத்ததும் குழந்தை தூங்கிவிடுகிறதா? அதுதான் கிடையாது! "அப்புறம் அந்த ராஜகுமாரி என்ன ஆனாள் பாட்டி?" என்று இருட்டிலிருந்து ஒரு குரல் வருகிறது. பாட்டிக்கு அலுப்பு. "என்ன ஆவாள்? சௌக்கியமாய் இருந்தாள்" என்று திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். மறுநாள் காலையில் பார்த்தால், திண்ணையில் பக்கத்து வீட்டுப் பெண்ணை உட்காரவைத்து, நேற்றுக் கேட்ட அதே கதையை நம் வீட்டுக் குழந்தை சொல்லிக்கொண்டிருக்கும். ராஜகுமாரி சௌக்கியமாயெல்லாம் இல்லை. குதிரையேறிப் புறப்பட்டுவிட்டாள். பாட்டி சொல்லாத ஒரு பூதம் குறுக்கே வந்து நிற்கிறது!

இந்த 'அப்புறம்' சமாசாரத்தைப் பற்றித்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

தொடர்கதை படிக்கும் வீடுகளுக்கு இந்த நோய் புதிதல்ல. வாராவாரம் பக்கங்களைக் கிழித்து, சேர்த்துத் தைத்து, பைண்டு செய்து, அலமாரியில் அடுக்கிய தலைமுறை நம்முடையது, அல்லது நம் அம்மாக்களுடையது. 1950-ஆம் வருஷம் அக்டோபரில் தொடங்கி 1954 வரையில் கல்கி 'பொன்னியின் செல்வ'னை எழுதினார். வந்தியத்தேவன் குதிரை வீராணம் ஏரிக்கரையில் புறப்பட்டது முதல் ஐந்து பாகங்களும் முடிகிறவரை ஜனங்கள் வாரத்துக்கு ஒரு தடவைதான் மூச்சு விட்டார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். சரி, முடித்தாரே, விட்டார்களா? குந்தவைக்குக் கல்யாணம் ஆயிற்றா, அவன் என்ன ஆனான், இவள் என்ன ஆனாள் என்று கேள்வி மேல் கேள்வி! கடைசியில் கல்கி ஒரு முடிவுரை எழுதி, அதில் கதாபாத்திரங்களின் பிற்கால வாழ்க்கையைப் பற்றி வாசகர்களுக்குச் சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த வருஷம் டிசம்பர் 5-ந் தேதி அவர் காலமானார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் நம் விஷயம். 'அமுதசுரபி' ஆசிரியராக அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்த விக்கிரமன், 'நந்திபுரத்து நாயகி' என்று ஒரு நாவல் எழுதினார். பொன்னியின் செல்வன் விட்ட இடத்திலிருந்து கதை தொடர்ந்தது. வெகு காலம் கழித்து அனுஷா வெங்கடேஷ் என்ற எழுத்தாளர் 'காவிரி மைந்தன்' எழுதினார். அதுவும் அதே ஆற்றின் அடுத்த வாய்க்கால்தான். ஒருவர் படைத்த மனிதர்களை, அவர் முடித்த இடத்திலிருந்து, அபிமானத்தினாலேயே இன்னொருவர் கையைப் பிடித்து அழைத்துப் போவது. இதை 'அபிமானிக் கதை' என்று சொல்லலாமா? எனக்கு வேறு நல்ல வார்த்தை அகப்படவில்லை.

விக்கிரமன் பிரசித்தி பெற்ற எழுத்தாளர். கையில் பத்திரிகையும் இருந்தது. கையில் பத்திரிகையும் இல்லாமல், பெயரும் இல்லாமல், சமையலறை மேஜையில் உட்கார்ந்து இதே காரியத்தைச் செய்தவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் கதைதான் ருசிகரமானது. அதற்குக் கொஞ்சம் கடல் தாண்டிப் போய்வரவேண்டும்.

1966-ஆம் வருஷம் செப்டம்பர் 8-ந் தேதி அமெரிக்காவில் 'ஸ்டார் ட்ரெக்' என்ற தொலைக்காட்சித் தொடர் ஆரம்பமாயிற்று. எண்டர்பிரைஸ் என்று ஓர் ஆகாயக் கப்பல். கிர்க் என்று ஒரு தளபதி. ஸ்பாக் என்று, கூர்மையான காதும் பாதி வேற்றுக் கிரக ரத்தமும் உள்ள ஓர் அதிகாரி. இந்த ஸ்பாக் சிரிக்கமாட்டார், அழமாட்டார், எதற்கும் தர்க்கம் பேசுவார். (நம் வீடுகளில் இப்படி ஒருவர் இல்லாமலா இருக்கிறார்!) ஆண்பிள்ளைகள் ஆகாயக் கப்பலின் இயந்திரத்தைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தபோது, பெண்களுக்கு வேறு கவலை. இந்த மனிதர் உள்ளுக்குள் என்ன நினைக்கிறார்? இவருடைய அம்மா பூலோகப் பெண்மணியாயிற்றே, அந்தக் கிரகத்தில் புக்ககத்தில் எப்படிக் காலம் தள்ளினாள்?

தொலைக்காட்சிக்காரர்கள் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்களா? ஆகவே கேட்டவர்களே எழுத ஆரம்பித்தார்கள். மறு வருஷம், 1967-இல், டெவ்ரா லாங்சம், ஷெர்னா காமர்ஃபோர்ட் என்ற இரண்டு பெண்கள் 'ஸ்பாக்கனேலியா' என்று ஒரு பத்திரிகை கொண்டுவந்தார்கள். பத்திரிகை என்றால் அச்சு யந்திரம், ஆபீஸ், மானேஜர் என்று எண்ணிவிட வேண்டாம். இவை ஸ்டென்சில் தாளில் தட்டெழுத்தில் அடித்து, சைக்ளோஸ்டைல் மாதிரி உருட்டி எடுத்து, பின் அடித்து, தபாலில் அனுப்புகிற ரகம். நம் ஊர்களில் கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார்களே வாலிபர்கள், அதற்கு ஒன்றுவிட்ட சகோதரி! அந்த முதல் இதழுக்கு, ஸ்பாக் வேஷம் போட்ட லெனார்ட் நிமாயே ஒரு கடிதம் எழுதி அனுப்பினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கதையைப் படைத்த ஜீன் ராடன்பெரியும் கோபித்துக்கொள்ளவில்லை, உற்சாகப்படுத்தினார்.

இதிலே ஒரு விசேஷம். இப்படி எழுதியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். குடும்பப் பெண்கள், ஆசிரியைகள், நூலகத்தில் வேலை பார்த்தவர்கள், கல்லூரி மாணவிகள். விஞ்ஞானக் கதை என்றால் ஆண்களின் சொத்து என்று பத்திரிகைக்காரர்கள் எண்ணியிருந்த காலம் அது. அந்தத் தொடருக்கே வசனம் எழுதிய டோரதி ஃபான்டானா என்ற பெண்மணி, பெண் பெயரைப் பார்த்தால் கதையைப் படிக்காமலே திருப்பிவிடுகிறார்கள் என்பதற்காக 'டி. சி. ஃபான்டானா' என்று முதலெழுத்துக்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வேண்டியிருந்தது. வாசல் கதவு சாத்தியிருந்தால் கொல்லைப்புறக் கதவு இல்லையா என்ன? மற்றப் பெண்கள் அந்த வழியாக உள்ளே போனார்கள்.

ஒருத்தி வாசல் வழியாகவே போய்விட்டாள். ஜீன் லிசெட் ஆரோஸ்ட் என்று, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் நூலகர். யாரும் கேட்காமலே ஒரு கதை எழுதி அனுப்பினார். அது 1968-இல் படமாகி வந்தது. இரண்டாவது கதை 1969-இல் வந்தது. இந்த இரண்டையும் எழுதிவிட்டு மறுபடி புத்தக அலமாரிகளிடம் போய்விட்டார். எனக்கு என்னவோ இந்த நூலக அம்மாளை ரொம்பப் பிடித்துப்போய்விட்டது.

இரண்டு வருஷத்திற்குள்ளாகவே தொடரை நிறுத்தப் போகிறார்கள் என்று வதந்தி கிளம்பியது. பிஜோ டிரிம்பிள் என்ற பெண்மணியும் அவர் கணவர் ஜானும், "ஆளுக்கொரு கடிதம் எழுதுங்கள்" என்று நாடு முழுவதும் அபிமானிகளைக் கிளப்பிவிட்டார்கள். லட்சத்துக்கு மேல் கடிதங்கள் வந்து குவிந்தன! 1968 மார்ச் முதல் தேதி, நிகழ்ச்சி முடிந்ததும், "தொடர் நிற்காது, தயவுசெய்து கடிதம் எழுதுவதை நிறுத்துங்கள்" என்கிற பாவனையில் தொலைக்காட்சியிலேயே அறிவிக்க வேண்டியதாயிற்று. அதெல்லாம் ஒரு வருஷத்துக்குத்தான். 1969 ஜூனில், எழுபத்தொன்பது நிகழ்ச்சிகளோடு, கதை முடிந்தது, கத்தரிக்காய் காய்த்தது.

அபிமானிகள் மட்டும் எழுதிக்கொண்டே இருந்தார்கள். தொடர் நின்றுபோன பிறகும் கப்பலைக் காகிதத்தில் ஓட்டியவர்கள் இவர்கள்தான். ஜாக்குலின் லிக்டன்பர்க் என்பவர் ஸ்பாக்கின் கிரகத்து ஜனங்களின் சடங்கு, சம்பிரதாயம், குடும்பக் கட்டு எல்லாவற்றையும் கற்பனை செய்து வரிசையாகக் கதைகள் எழுத, வேறு பலரும் அதே பந்தியில் உட்கார்ந்து தாங்களும் எழுதினார்கள். 1976-இல் இந்த அபிமானிக் கதைகளில் சிலவற்றைப் பெரிய பிரசுரக் கம்பெனி ஒன்று புத்தகமாகவே போட்டது. தொகுத்த இருவரும் பெண்கள். ராடன்பெரியே முன்னுரை கொடுத்தார். மூன்று வருஷம் கழித்து ஸ்டார் ட்ரெக் சினிமாவாக வந்தது.

"அதெல்லாம் அமெரிக்கா. நம் நீலகிரியில் என்ன?" என்கிறீர்களா? அங்கேதான் வருகிறேன்.

குன்னூரில் மார்கழி, தை மாதங்களில் சாயங்காலம் நாலு மணிக்கே மூடுபனி இறங்கிவிட்டால், வெளியே என்ன வேலை? கதவைச் சாத்திக்கொண்டு புத்தகம் படிக்க இதைவிட லாயக்கான ஊர் கிடையாது. ராஜம் கிருஷ்ணன், கணவருடைய மின்சார இலாகா உத்தியோகத்தை முன்னிட்டு இந்த மலையில் வந்து வசித்ததால்தான் படகர்களின் வாழ்க்கையை வைத்துக் 'குறிஞ்சித் தேன்' எழுத முடிந்தது. தொலைக்காட்சியோ, சென்னைக்கே 1975-ஆம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதிதான் வந்தது. மலைக்கு எப்போது ஏறுவது? 1980-களில் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டார் ட்ரெக் காட்டினார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் ஆனந்த விகடனில் சுஜாதா 'என் இனிய இயந்திரா' எழுதினார். பிற்பாடு அது தமிழில் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. இந்த மூன்றும் சேர்ந்து ஒரு பெண்ணை என்ன பாடுபடுத்தின என்பதை நான் சமீபத்தில் வண்டிச்சோலைப் பக்கம் ஒரு வீட்டில் தெரிந்துகொண்டேன்.

எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் வெகு காலம் வாத்தியாரம்மாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பெயரைப் போடக்கூடாது என்று உத்தரவு. டீச்சர் என்றே வைத்துக்கொள்வோம். மகன் கோயம்புத்தூரில் வீடு வாங்கி, "இந்தக் குளிரில் தனியாக இருந்தது போதும், வந்துவிடு அம்மா" என்று கூப்பிட்டுவிட்டான். வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தார். கூடத்தில் பழைய பேப்பர்காரருக்காகக் கட்டிவைத்திருந்த மூட்டையில், பத்திரிகைகளுக்கு நடுவே, இருநூறு பக்க நோட்டுக்கள் ஐந்து. மேல் அட்டையில் மையினால் ஒரு நாய்ப்படம். நாயின் வாலில் ஒரு ஆண்டெனா!

"இது ஜீனோ இல்லையா டீச்சர்?" என்றேன்.

டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. "அதைத் தொடாதே கண்ணு. காலேஜிலே படிக்கிறப்போ கிறுக்கினது. எடைக்குப் போகட்டும்."

'என் இனிய இயந்திரா'வைப் படிக்காதவர்களுக்கு இரண்டு வரி: கதை 2021, 22-ஆம் வருஷங்களில் நடக்கிறது. ஜீவா என்பவரின் சர்வாதிகாரம். குழந்தை பெற்றுக்கொள்ளக்கூடச் சர்க்கார் அனுமதி வேண்டும். நிலா என்ற பெண்ணின் கணவன் சிபி காணாமற்போகிறான். அவள் வீட்டுக்கு வந்து சேரும் ரவி என்பவனிடம் ஜீனோ என்று ஒரு யந்திர நாய். அது பேசும், புத்தகம் படிக்கும், மனிதர்களைவிடக் கெட்டிக்காரத்தனமாக யோசிக்கும். வாசகர்கள் மனிதர்களை மறந்து நாயின்மேல் உயிரை வைத்துவிட்டார்கள்! சுஜாதாவே 'மீண்டும் ஜீனோ' என்று தொடர்ந்து எழுதினார். கதையிலே வருகிற அந்த 2021 நம் காலண்டரிலேயே வந்து, கிழித்துப் போட்டுமாயிற்று.

நிறையக் கெஞ்சின பிறகு டீச்சர் முதல் நோட்டைப் படிக்கக் கொடுத்தார். அபாரம்! அதில் ஜீனோ சென்னையிலிருந்து தப்பி, மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறிவிடுகிறது. கல்லாறு தாண்டியதும் பல் சக்கரம் தண்டவாளத்தைக் கவ்விக்கொள்கிறது அல்லவா, அங்கிருந்து குன்னூர் வருகிற வரையில் ஜீனோவுக்கும் நீராவி எஞ்சினுக்கும் ஒரே வாக்குவாதம். 'நீ யந்திரமா, நான் யந்திரமா?' 'உனக்குப் பசித்தால் மின்சாரம் கேட்கிறாய். எனக்குத் தாகம் எடுத்தால் மலை ஓடையே தண்ணீர் தருகிறது' என்கிறது எஞ்சின். ரன்னிமேடு ஸ்டேஷனில் எஞ்சின் தண்ணீர் குடிக்க நிற்கும்போது ஜீனோ முதல் தடவையாகத் தோல்வியை ஒப்புக்கொள்கிறது. குன்னூருக்கு வந்து சேர்ந்த நிலா எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கக் கற்றுக்கொள்கிறாள். இரண்டு இலை, ஓர் அரும்பு. கைவிரல் காய்ப்புக் காய்த்துப்போகிறது. லயத்து வீடுகளில் இருக்கிற பெண்கள்தான் அவளை ஒளித்துவைத்துக் காப்பாற்றுகிறார்கள். அவர்களில் ஒருத்திக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஜீனோ போடுகிற கணக்கை மனக்கணக்கிலேயே முந்திவிடுகிறாள்.

"எதுக்குக் கண்ணு எழுதினேன்னு கேக்கறியா? அந்த நிலாவை யாராவது ஒருத்தர் காப்பாத்திக்கிட்டே இருந்தாங்க. ரவி, மனோ, நாய். எனக்கு ஆத்திரமா வந்தது. எங்கம்மா கொழுந்து பறிச்சவங்க. அவங்களை யாரும் காப்பாத்தலே. அவங்கதான் எங்க நாலு பேரைக் காப்பாத்தினாங்க. அப்படி ஒரு பொம்பளையை அந்தக் கதைக்குள்ளே கொண்டுபோய் நிறுத்தணும்னு தோணிச்சு."

"அப்புறம் ஏன் நிறுத்திட்டீங்க டீச்சர்?"

கல்லூரியில் ஒரு விரிவுரையாளர் நோட்டைப் பார்த்துவிட்டாராம். வகுப்பிலேயே இரண்டு பக்கம் உரக்கப் படித்துக் காட்டி, "சொந்தமாய் எழுத வக்கில்லாதவர்கள் அடுத்தவன் நாயை அவிழ்த்துக்கொண்டு போவார்கள்" என்றாராம். வகுப்பு முழுவதும் சிரித்தது. அன்றைக்கு மூடிய நோட்டு நாற்பது வருஷம் பரண்மேல் இருந்தது.

அந்த மனிதரின் வாக்கியத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். இப்படிச் சிரிப்பது அமெரிக்காவிலும் நடந்திருக்கிறது. அங்கே சிரித்தது அபிமானிகளே. 1973-இல் பாலா ஸ்மித் என்ற பெண்மணி ஒரு பக்கத்தில் ஒரு கேலிக்கதை எழுதினார். மேரி சூ என்ற பெண், வயது பதினைந்தரை, கப்பற்படையிலேயே அவள்தான் இளைய அதிகாரி. வந்ததும் வராததுமாகத் தளபதி அவள்மேல் காதல் கொள்கிறார், அவளே கப்பலை ஓட்டுகிறாள், எல்லோரையும் காப்பாற்றுகிறாள், நோபல் பரிசு வாங்குகிறாள், கடைசியில் எல்லோரும் கதறி அழும்படி செத்தும் போகிறாள். தங்களையே கதாநாயகியாக்கி நுழைத்துவிடுகிற சிறு பெண்களைக் கிண்டல் செய்யத்தான் எழுதினார். பெயர் நிலைத்துவிட்டது. இன்றைக்கும் உலகமெங்கும் சர்வ லட்சணமும் பொருந்திய கதாநாயகியை 'மேரி சூ' என்றுதான் பரிகசிக்கிறார்கள்.

கேலி நன்றாகத்தான் இருக்கிறது, நானும் சிரித்தேன். ஆனால் ஒரு சந்தேகம். ஒற்றை ஆளாய் நூறு பேரை உதைத்து, மூன்று பாஷை பேசி, பாட்டும் பாடி, ஆட்டமும் ஆடி, கடைசி ரீலில் கோட்டையையும் பிடிக்கிற நம் சினிமாக் கதாநாயகர்களுக்கு இப்படி ஒரு கேலிப்பெயர் யாராவது வைத்தார்களா? ஆண்பிள்ளை கனவு கண்டால் வீரம். பெண்பிள்ளை நோட்டுப் புஸ்தகத்தில் கண்டால் பைத்தியம்! இதைப் பாலா ஸ்மித்துக்குப் பிறகு வந்த பெண்களும் கேட்டிருக்கிறார்கள்.

அப்புறம், 'அடுத்தவன் நாய்' என்ற குற்றச்சாட்டு. மகாபாரதத்தைப் புரட்டிப் பாருங்கள்: மதுரையை ஆண்ட அல்லி ராணி எங்கே இருக்கிறாள்? வியாசருக்கு அவளைத் தெரியாது. ஆண்வாடையே ஆகாத வீராங்கனை, அர்ஜுனனையே திணற அடித்தவள். தமிழ்நாட்டு ஜனங்கள் 'எங்கள் ஊரில் இப்படி ஒருத்தி இருந்தால் அர்ஜுனன் பாடு என்ன ஆகும்?' என்று பார்க்க ஆசைப்பட்டுச் சேர்த்த பாத்திரம். பவளக்கொடியும் அப்படித்தான். கூத்திலும் பெரிய எழுத்துப் புத்தகங்களிலும் உலாவி, 1934-இல் தியாகராஜ பாகவதரின் முதல் படமாகவே வந்துவிட்டாள்! 1943-இல் புதுமைப்பித்தன் 'சாபவிமோசனம்' எழுதினார். ராமனால் சாபம் நீங்கிய அகலிகை, பிற்பாடு சீதை நெருப்பில் இறங்கிய சேதியைக் கேட்டு மறுபடியும் கல்லாகிறாள். ராமாயணம் தெரிந்தவர்களுக்கு இது பிடிக்காமல் போனாலும் தமக்குக் கவலையில்லை என்று முன்கூட்டியே குறிப்பும் போட்டுவிட்டார் மனிதர். அந்த விரிவுரையாளர் சாபவிமோசனத்தைப் பாடம் நடத்தியிருப்பாரோ, என்னவோ? நடத்தியிருந்தால், 'அடுத்தவன் அகலிகை' என்று சொல்லியிருக்கமாட்டார்.

சட்டம் என்று ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். பின்னால் யாராவது என்னைத் திட்டக்கூடாது. நம் நாட்டில் ஆசிரியர் காலமாகி அறுபது வருஷம் வரைக்கும் எழுத்துரிமை அவருடைய வாரிசுகளைச் சேர்ந்தது. கல்கியின் எழுத்துக்களைத் தமிழக அரசு 1999-இல் நாட்டுடைமை ஆக்கிவிட்டது. ஆகையால் வந்தியத்தேவனை யார் வேண்டுமானாலும் குதிரையேற்றலாம். சுஜாதா காலமானது 2008 பிப்ரவரியில். ஆகவே ஜீனோவை வைத்துப் புஸ்தகம் போட்டு விற்கவேண்டுமானால், 2068 முடிகிறவரை அவர் குடும்பத்தாரின் சம்மதம் வேண்டும். நோட்டில் எழுதிப் பக்கத்து வீட்டுக்குப் படிக்கக் கொடுத்ததற்காகப் போலீசார் வந்த சரித்திரம் இதுவரையில் இல்லை.

சரி, இப்படிக் கொல்லைப்புற வழியாக நுழைந்தவர்கள் என்ன ஆனார்கள்? லோயிஸ் மக்மாஸ்டர் புஜோல்ட் என்ற அமெரிக்க எழுத்தாளர் இளம்பெண்ணாக இருந்தபோது, சிநேகிதியோடு சேர்ந்து ஸ்டார் ட்ரெக் கதைகளைப் போட்டு இதே மாதிரி ஒரு பத்திரிகை நடத்தியவர். பிற்பாடு சொந்தமாக எழுதி, விஞ்ஞானக் கதைகளுக்கென்றே கொடுக்கும் ஹியூகோ பரிசைச் சிறந்த நாவலுக்காக நான்கு தடவை வாங்கினார். இங்கிலாந்தில் 1963-இல் ஆரம்பித்த 'டாக்டர் ஹூ' தொடரின் சமாசாரம் இன்னும் வேடிக்கை. 1989-இல் அதை நிறுத்திவிட்டார்கள். பால் கார்னெல் என்ற இளைஞர் அபிமானிகள் பத்திரிகையில் எழுதியிருந்த கதையை 1991-இல் நாவலாக்கினார். 1995-இல் அவர் எழுதிய இன்னொரு நாவலோ, தொடர் மறுபடி உயிர் பெற்ற பின், 2007-இல் தொலைக்காட்சியிலேயே வந்துவிட்டது. 2005-இல் தொடருக்கு உயிர் கொடுத்த ரஸல் டேவிஸ் யார்? சிறு பிராயத்திலிருந்து அதையே பார்த்து வளர்ந்த அபிமானி! திண்ணைக் குழந்தை பாட்டியின் நாற்காலியிலேயே ஏறி உட்கார்ந்துகொண்ட கதை. இப்போது அபிமானிக் கதைகளைச் சேர்த்துவைப்பதற்கென்றே தொண்டர்கள், அநேகமாகப் பெண்கள், இணையத்தில் ஒரு நூலகம் நடத்துகிறார்கள். லட்சக்கணக்கான கதைகள். காசு கிடையாது, விளம்பரம் கிடையாது. 2019-இல் அதே ஹியூகோ பரிசில் ஒன்று அந்த நூலகத்துக்குக் கிடைத்தது.

பரிசு வாங்கியவர்களை மட்டும் சொல்லி நிறுத்தினால் பாதிக் கதைதான் சொன்னதாகும். ஸ்டென்சில் அடித்த ஆயிரக்கணக்கான பெண்களுக்குப் பரிசும் கிடையாது, பணமும் கிடையாது. எழுதினார்கள், தபாலில் அனுப்பினார்கள், பதில் கடிதம் வந்ததா என்று வாசலைப் பார்த்தார்கள், அவ்வளவே. ஆனால் அவர்களுடைய காகிதங்கள் எடைக்குப் போகவில்லை. அயோவா பல்கலைக்கழக நூலகத்தில் அந்தச் சைக்ளோஸ்டைல் பத்திரிகைகளைப் பெட்டி பெட்டியாய்ப் பத்திரப்படுத்தி, ஆராய்ச்சி மாணவர்களுக்கு எடுத்துக் கொடுக்கிறார்கள்.

நம்மிடமும் ஒரு மனிதர் இருந்தார். செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர், ரோஜா முத்தையா. பழைய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை எது கிடைத்தாலும் சேர்த்தார். ஊரார் சிரித்திருக்கமாட்டார்களா! 1992-இல் அவர் காலமான பின், சிகாகோ பல்கலைக்கழகத்தின் உதவியோடு அந்தச் சேகரம் சென்னைக்கு வந்து ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆயிற்று. இன்றைக்கு அந்தக் காலத்துக் குடும்பப் பத்திரிகைகளைப் பற்றி யார் என்ன எழுதவேண்டுமானாலும் அங்கேதான் போய் நிற்கவேண்டும்.

இதையெல்லாம் டீச்சரிடம் சொன்னேன். ஸ்பாக்கைப் பற்றிச் சொன்னபோது, "ஞாயித்துக்கிழமை பாத்திருக்கேனே, பக்கத்து வீட்டிலே! பனி இறங்கினா படம் பூரா புள்ளி புள்ளியா ஆயிடும். அந்தக் காதை மட்டும் வெச்சு அவருதான்னு கண்டுபிடிப்போம்" என்று சிரித்தார். நூலக அம்மாளைப் பற்றிச் சொன்னபோது, "ரெண்டே கதையா? அப்புறம் ஏன் எழுதலே?" என்று கேட்டார். கேட்டுவிட்டுத் தாமே பேசாமலிருந்தார்.

பிறகு எழுந்து போய் மூட்டையின் கயிற்றை அவிழ்த்தார். ஐந்து நோட்டையும் வெளியே எடுத்து, கூடத்து வெயிலில் பிரித்து வைத்தார். குன்னூர் ஈரத்தில் நாற்பது வருஷம் இருந்ததல்லவா, இரண்டாவது நோட்டின் ஓரமெல்லாம் வெள்ளிப்பூச்சி அரித்திருந்தது; நாலாவதில் மை கலைந்து, எஞ்சின் பேசுவதும் ஜீனோ பேசுவதும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. இப்படிப்பட்ட காகிதங்கள் உங்கள் வீட்டிலும் இருந்தால், நேர் வெயிலில் வெகுநேரம் போடாதீர்கள், மை வெளுத்துவிடும். காற்றாட நிழலில் உலர்த்தி, காய்ந்த வேப்பிலையோடு பருத்தித் துணியில் சுற்றி, தரையிலே படாமல் உயரத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே தங்கி, பூஞ்சைக்குக் கொண்டாட்டமாகிவிடும்.

பழைய பேப்பர்காரர் வந்து மற்ற மூட்டையை எடை போட்டார். பதினாலு கிலோ.

"அந்த நோட்டுங்க?" என்றார்.

"அது இருக்கட்டுங்க. முடியலே" என்றார் டீச்சர்.

ஐந்தாவது நோட்டில் கடைசி முப்பது பக்கம் வெற்றுத்தாள். நிலா லாம்ஸ் ராக் பாறை உச்சியில் நிற்கிறாள், கீழே பனி, ஜீனோவுக்கு மின்சாரம் தீர்ந்துகொண்டிருக்கிறது, லயத்துப் பெண்கள் நாலு பேர் ஏறி வந்துகொண்டிருக்கிறார்கள். அதோடு நிற்கிறது. வந்து சேர்ந்தார்களா என்று நான் கேட்டதற்கு, கோயம்புத்தூர் போய்ச் சாமானெல்லாம் இறக்கி வைத்ததும் கடிதம் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.